ஓட்டை போட்டியளா தம்பி?

ராத்திரி இரண்டு மணி இருக்கும். அடுக்களையில் டமார் என்று ஒரு சத்தம். பூனை என்றுதான் முதலில் நினைத்தேன். லைட்டைப் போட்டால், மேல் கப்போர்டின் அடிப்பலகை இடது பக்கம் பிய்ந்து, வலது பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. உளுந்து டப்பா, பருப்பு டப்பா, மாமியார் கொடுத்த வெண்கல உருளி எல்லாம் தரையில். உளுந்து ஹால் வரைக்கும் சிதறியிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உருளியை எடுத்து, விளிம்பில் புதிதாக விழுந்திருந்த சொட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தக் கப்போர்டைச் செய்தது நான்தான். 2020-ல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த சமயம். ட்ரில் மிஷின் ஒன்று வாங்கி, கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிய 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்றடி அகலம், இரண்டடி உயரம், ஓரடி ஆழத்தில் ஒரு பெட்டி. பிளைவுட்டில் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஐஎஸ் 303 (பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை பார்த்து, கொதிநீர் தாங்கும் பிடபிள்யூஆர் ரகமாகத்தான் வாங்கினேன். கீல் நல்லது, மைக்கா நல்லது. ஸ்க்ரூ மட்டும் கடைசி நிமிஷத்தில் நினைவு வந்து வாங்கியது. "மரத்துக்கு ஸ்க்ரூ கொடுங்க அண்ணாச்சி" என்றேன். கடைக்காரர் ஒரு டப்பா கறுப்பு ஸ்க்ரூவை எடுத்து வைத்தார். எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். இரண்டு வருஷம் தாங்கியது.

காலையில் விழுந்த பலகையைக் கழற்றிப் பார்த்தேன். இடது பக்கம் மூன்று ஸ்க்ரூ. இரண்டில் தலை இல்லை. தண்டு மட்டும் மரத்துக்குள் துருப்பிடித்து நின்றது. மூன்றாவது முழுசாக இருந்தது, ஆனால் பிளைவுட் ஓரத்தின் சிராயைக் கவ்விக்கொண்டு அப்படியே உருவி வந்திருந்தது. ஆக, ஒரே பலகையில் இரண்டு விதமான தோல்வி. ஸ்க்ரூவை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த மூன்றாவது ஸ்க்ரூதான் உறுத்தலாக இருந்தது. உடையாத ஸ்க்ரூவும் ஏன் பிடிக்கவில்லை?

எங்கள் தெருமுனையில் ஓர் ஆசாரி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். இப்போது பெரிய வேலைக்குப் போவதில்லை, கோயில் வேலை, நிலை சரிசெய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டேன். வந்து பெட்டியைப் பார்த்தார், ஸ்க்ரூவைப் பார்த்தார், பலகையின் ஓரத்தை நகத்தால் நெருடினார். அப்புறம் ஒரே கேள்வி.

"ஓட்டை போட்டியளா தம்பி?"

"இல்லை. ஸ்க்ரூ முனைதான் கூர்மையா இருக்கே, அதுவே துளைச்சுக்கிட்டுப் போச்சு."

"அது போவும். எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு, கிடந்த துண்டுப் பிளைவுட்டில் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, என் கையாலேயே ஒரு கறுப்பு ஸ்க்ரூவை அடிக்கச் சொன்னார். அடித்தேன். தலை மேல் பலகையில் புதைந்தது. "இறுகிட்டுல்லா? இப்பம் நடுவுல பாருங்க." இரண்டு பலகைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. மிஷினை இன்னும் அழுத்தினேன். தலை இன்னும் உள்ளே போனதே தவிர இடைவெளி மூடவில்லை.

காரணம் எளிது. தலையிலிருந்து முனை வரை மரை (தண்டைச் சுற்றி ஓடும் புரி) உள்ள ஸ்க்ரூ, மேல் பலகையையும் கடிக்கிறது, கீழ்ப் பலகையையும் கடிக்கிறது. இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடந்தால் நடுவில் உள்ள தூரம் குறையுமா? அதே கதைதான். தொடங்கும்போது மயிரிழை இடைவெளி இருந்தால், முடியும்போதும் அது அங்கேயே நிற்கும். நாம் இறுகிவிட்டது என்று நினைப்பது தலை மரத்துக்குள் அமுங்கும் சத்தம்.

"மேல் பலகையில ஸ்க்ரூ சும்மா நுழையணும். கீழ்ப் பலகையிலதான் கடிக்கணும்" என்றார் ஆசாரி. நான் இதுவரை கேட்ட மரவேலைப் பாடங்களில் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. மேல் பலகையில் ஸ்க்ரூவின் முழுத் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. கீழ்ப் பலகையில் மரையைக் கழித்த தண்டு அளவுக்குச் சின்ன ஓட்டை. அப்போதுதான் தலை மேல் பலகையைக் கீழ்ப் பலகையோடு சேர்த்து இழுக்கும். பழைய காலத்து மரத் திருகாணியில் தலைக்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு மரையில்லாமல் மொழுமொழுவென்று இருக்குமே, அது காசு மிச்சம் பிடிக்க விட்டதல்ல. இந்த வேலைக்குத்தான். அந்த மொழுமொழுப் பகுதியின் நீளம் மேல் பலகையின் தடிமனுக்குச் சமமாக இருந்தால் பாதி வேலையை ஸ்க்ரூவே பார்த்துக்கொள்ளும்.

எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு (நம்பர் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) நான் இப்போது மேல் பலகையில் 4.5 மி.மீ. பிட், கீழே 3 மி.மீ. பிட் போடுகிறேன். அளவு தெரியாத ஸ்க்ரூ என்றால் ஆசாரி காட்டிய வழி: பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். நடுத்தண்டு மறைய வேண்டும், இரண்டு பக்கமும் மரை மட்டும் வெளியே தெரிய வேண்டும். கீழ்ப் பலகைக்கு அதுதான் பிட்.

சரி, கறுப்பு ஸ்க்ரூவுக்கு வருவோம். இங்கே அதற்கு ஜிப்சம் ஸ்க்ரூ என்றே பெயர், பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கும் பார்ட்டிஷனும் போடும்போது ஜிப்சம் பலகையைத் தகர சேனலிலோ மரச்சட்டத்திலோ மாட்டுவதற்காக வந்த ஸ்க்ரூ. அதன் தலையை அடியிலிருந்து பாருங்கள், ஊமத்தம்பூ மாதிரி வளைந்து விரியும். ஜிப்சம் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழிக்காமல் அமுக்குவதற்கு அந்த வளைவு. மரத்துக்கான ஸ்க்ரூவின் தலை நேர்ச்சரிவாகக் கூம்பு போல இருக்கும், நாம் குடைந்து வைக்கும் குழியில் அப்படியே உட்காரும். ஊமத்தம்பூத் தலை அந்தக் குழியில் ஒழுங்காக உட்காராது.

கறுப்பு ஸ்க்ரூவிலேயே இரண்டு மரை உண்டு. நெருக்கமான மரை தகர சேனலுக்கு, அகல மரை மரச்சட்டத்துக்கு. நான் வாங்கியது எது என்று டப்பாவைத் தேடிப் பார்த்தேன். நெருக்கமான மரை. தகரத்துக்கு உள்ளதைக் கொண்டு பிளைவுட் ஓரத்தைக் கடிக்க விட்டிருக்கிறேன். மூன்றாவது ஸ்க்ரூ உருவி வந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

மீதி இரண்டு தலைகள்? தகரத்தைத் துளைக்க வேண்டும் என்பதால் இந்த ஸ்க்ரூவை நன்றாகக் கடினப்படுத்தியிருப்பார்கள். கடினமானது சுலபமாக வளையாது, வளைய வேண்டிய இடத்தில் முறியும். நம்பாமல் நானே செய்து பார்த்தேன். வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் பாதி வரை ஒரு கறுப்பு ஸ்க்ரூவைப் பிடித்துச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினேன். இரண்டாவது தட்டில் டக்கென்று முறிந்து, தலை எங்கேயோ பறந்தது. (கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். நான் போடவில்லை, அது இன்னொரு முட்டாள்தனம்.) அதே தடிமனில் மஞ்சள் முலாம் பூசிய மர ஸ்க்ரூவைத் தட்டினேன். நாயின் வால் மாதிரி வளைந்தது, முறியவில்லை. கப்போர்டுக்கு வேண்டியது இதுதான். பாரம் கூடும்போது வளைந்து, பலகையைச் சாய்த்து, 'பார்த்துக்கொள்' என்று சொல்கிற ஸ்க்ரூ. ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஸ்க்ரூ அல்ல.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கப்போர்டுகள் கறுப்பு ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன, நன்றாகவே நிற்கின்றன. பசை ஒழுங்காகப் போட்டு, பாரம் விழும் திசை பார்த்துச் செய்திருந்தால் எந்த ஸ்க்ரூவும் ஓரளவு தாங்கும். என் பெட்டியில் இரண்டும் இல்லை. பலகை இரண்டுக்கும் மைக்கா ஒட்டிய பிறகு பசை போட்டேன். மைக்காவின் மேல் வெள்ளைப் பசை எதைப் பிடிக்கும்? வெறும் மரமும் வெறும் மரமும் தொட்டால்தான் அது பிடிக்கும். ஃபெவிகால் ஊறி இறுகும் வரை பலகைகளை அமுக்கிப் பிடிக்கிற கைதான் ஸ்க்ரூ, அப்புறம் பெரும்பாலான பாரத்தைப் பசை ஏற்றுக்கொள்ளும் என்பார் ஆசாரி. என் பெட்டியில் மொத்த பாரமும் ஸ்க்ரூவின் தலையில்.

திசை இன்னும் மோசம். அடிப்பலகையைப் பக்கப் பலகைகளுக்குக் கீழே வைத்து, அடியிலிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூ அடித்திருந்தேன். பக்கவாட்டில் ஸ்க்ரூ தலை தெரியக் கூடாது என்ற அழகுணர்ச்சி. ஆனால் அப்படிச் செய்தால் டப்பாக்களின் எடை முழுவதும் ஸ்க்ரூவை மரத்திலிருந்து உருவும் திசையில் இழுக்கிறது, அதுவும் பிளைவுட்டின் ஓரத்திலிருந்து. பிளைவுட் என்பது தாள் தாளாக ஒட்டியது. முகப்பில் இறங்கும் ஸ்க்ரூ எல்லாத் தாளையும் குறுக்கே கடிக்கும். ஓரத்தில் இறங்கும் ஸ்க்ரூவோ இரண்டு தாளுக்கு நடுவில் ஆப்பு மாதிரி புகுந்து அவற்றைப் பிரிக்கப் பார்க்கும். முகப்பில் கிடைக்கும் பிடி ஓரத்தில் கிடைக்காது. ஓரத்தில் ஸ்க்ரூ போடாமல் பெட்டி செய்ய முடியாது, அதனால் பாரமாவது குறுக்கே விழ வேண்டும். அடிப்பலகை பக்கப் பலகைகளுக்கு நடுவில் இருக்கட்டும். ஸ்க்ரூ பக்கவாட்டிலிருந்து படுக்கையாக வரட்டும். அப்போது எடை ஸ்க்ரூவை அழுத்தும், உருவாது. தலை தெரிகிறதே என்றால், பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்தால் மறையும், இல்லையென்றால் வெளிப்பக்க மைக்காவைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஓரத்தில் ஓட்டை போடும்போது 18 மி.மீ. பலகையில் 9 மி.மீ.யில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. விலகினாலும் ஒரு பக்கம் புடைக்கும். புடைக்கும் என்று சந்தேகம் வந்தால், ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் பலகையின் இரண்டு முகத்தையும் சேர்த்து ஒரு சி-கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டு அடிப்பேன். தாள் பிரிய இடமே இருக்காது. முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் ஸ்க்ரூ போடுவதும் இல்லை.

அடுத்தது நம்பர் குழப்பம். கடையில் 35 × 8 என்று கேட்பார்கள். முதல் எண் நீளம், மி.மீ.யில். இரண்டாவது எண் மி.மீ. இல்லை, கேஜ் நம்பர். நான் ஒருமுறை ஆன்லைனில் 50 × 8 என்று பார்த்துவிட்டு 8 மி.மீ. தடிமன் என்று நினைத்து, இவ்வளவு பெரிய ஸ்க்ரூவா என்று பயந்து பக்கத்தை மூடியவன். எட்டாம் நம்பர் என்பது 4 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கணக்கு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு: நம்பரை 0.013-ஆல் பெருக்கி 0.060-ஐக் கூட்டினால் தடிமன் அங்குலத்தில் வரும். எட்டாம் நம்பருக்கு 0.164 அங்குலம், அதாவது 4.2 மி.மீ. ஆறாம் நம்பருக்கு 3.5 மி.மீ. பத்தாம் நம்பருக்கு 4.8 மி.மீ. கடையில் நின்று இந்தக் கணக்கைப் போட வேண்டாம். வீட்டு மரவேலைக்கு இந்த மூன்று நம்பர் மனதில் இருந்தால் போதும்.

பெட்டியின் உடம்பை இணைக்க எட்டாம் நம்பர். 18 மி.மீ. பலகையின் முகப்பு வழியாக இன்னொன்றின் ஓரத்துக்குள் போவதற்கு 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். மேல் பலகையில் 18 போனால் கீழே 32 கடிக்கும். ஸ்க்ரூ நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழ்ப் பலகைக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்குக்கு இது ஏறக்குறைய சரியாக வரும். ஒன்றரை அங்குலத்தில் அடிப்பவர்களும் உண்டு. முகப்பு மரத்தில் அது போதும், பிளைவுட் ஓரத்துக்கு எனக்கு மனசு வராது. ஓரடி ஆழப் பெட்டிக்கு ஒரு மூலைக்கு மூன்று: முன்னிருந்து இரண்டு அங்குலத்தில் ஒன்று, பின்னிருந்து இரண்டு அங்குலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. நான்கு மூலைக்குப் பன்னிரண்டு. பின்பக்கம் 6 மி.மீ. ஷீட்டுக்கு ஆறாம் நம்பரில் 19 மி.மீ., அரையடிக்கு ஒன்று. பின் ஷீட்டைச் சும்மா தூசி மறைக்க என்று நினைத்து நாலு ஆணியில் நிறுத்திவிடாதீர்கள். பெட்டி கோணாமல் நேராக நிற்பது அதனால்தான்.

கீலுக்கு நீளம் தப்பினால் என்ன ஆகும் என்பதை என் கப்போர்டின் முன்கதவு இன்றைக்கும் சொல்லும். கதவுப் பலகை 16 மி.மீ. பிளைவுட், இரண்டு பக்கமும் மைக்கா சேர்த்து 18 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கையில் இருந்த 19 மி.மீ. ஸ்க்ரூவையே கீலுக்கும் போட்டேன். கீலின் தகடு எவ்வளவு தின்றுவிடப்போகிறது, ஒரு மி.மீ. மறுநாள் காலை வெயில் பட்டபோது முகப்பு மைக்காவில் வரிசையாக அம்மைக் கொப்புளம் மாதிரி நாலு புடைப்பு. அதற்கு மருந்து கிடையாது, மைக்காவை மாற்ற வேண்டியதுதான். நான் மாற்றவில்லை. கீலுக்கு 16 மி.மீ. போதும். ஓட்டை போடும்போதும் பிட்டில் 12 மி.மீ. உயரத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால், டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளலாம். டிராயர் சேனலுக்குத் தலை தட்டையாக உருண்டு இருக்கும் பான் ஹெட் ஸ்க்ரூ. கூம்புத் தலை போட்டால் சேனலின் ஓட்டையில் தலை துருத்திக்கொண்டு டிராயரை உரசும்.

இனி துரு. எங்கள் ஊர் தூத்துக்குடி. உப்பளக் காற்றில் இரும்புக் கேட்டே இங்கே ஆயுசு குறைவு. கறுப்பு ஸ்க்ரூவில் இருக்கும் கறுப்பு, பாஸ்பேட் பூச்சு. காய்ந்த சுவருக்குள் இருக்கும் வரை பரவாயில்லை. குக்கர் ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்த அடுக்களையில் அது ரொம்ப நாள் காவல் காக்காது. மஞ்சள் அல்லது வெள்ளைத் துத்தநாகப் பூச்சு அதைவிட நல்லது, உள்ளறைக் கப்போர்டுக்கு அதுவே போதும். சிங்குக்குக் கீழே, மொட்டை மாடிக் கதவு, துணி காயும் பால்கனி அலமாரி போன்ற இடங்களுக்கு நான் எஸ்எஸ் 304 என்ற எவர்சில்வர் ரகத்துக்கு மாறிவிட்டேன். கடல் பார்த்த ஜன்னல் என்றால் 316. அதில் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து எஸ்எஸ் அசலா என்று கண்டுபிடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. முழுசாக நம்ப முடியாது. 304 பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது என்றாலும், குளிர்ந்த நிலையில் அடித்து உருவாக்கிய ஸ்க்ரூவில் லேசாக ஒட்டும். பிசாசு மாதிரி பாய்ந்து ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஸ்எஸ் ஸ்க்ரூவுக்கு ஒரு குணம் உண்டு. கடினப்படுத்திய இரும்பை விட மெத்தென்று இருக்கும். ஓட்டை போடாமல் தேக்கில் அடித்தால் முறுகிப் பிய்ந்துவிடும், இல்லையென்றால் தலையின் பள்ளம் மழுங்கிவிடும். பித்தளை அதைவிட மெத்து. தாத்தா காலத்துத் தேக்கு பீரோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, முழுக்கப் பித்தளைத் திருகாணி, ஒற்றைக் கோட்டுத் தலை. எல்லாக் கோடும் செங்குத்தாக ஒரே வாக்கில் நிற்கும். இவ்வளவு மெத்தான உலோகத்தை இவ்வளவு உரமான மரத்தில் எப்படி இறக்கினார்கள் என்று ஆசாரியைக் கேட்டேன். "முதல்ல அதே அளவு இரும்புத் திருகாணிய இறக்கி, கழத்திட்டு, அதே ஓட்டையில பித்தளையப் போடுவோம்" என்றார். இரும்பு மரை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், பித்தளை வந்து உட்காரும். மரைக்கு என்ன தடவுவீர்கள் என்றும் கேட்டேன். மெழுகுவத்தி. சோப்புத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும் என்று அவர் தொடவே மாட்டார்.

தலையின் பள்ளம் மழுங்குவதற்கு ஸ்க்ரூவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என் ட்ரில் கிட்டில் இருந்த, ஸ்க்ரூ முடுக்கும் ஒரே பிட்டை எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். நாம் ஸ்டார் என்று சொல்கிற கூட்டல்குறித் தலையில் இரண்டு ஜாதி. ஒன்று ஃபிலிப்ஸ், 1930-களில் அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் கார் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்னொன்று பின்னால் வந்த போஸிட்ரிவ். உற்றுப் பார்த்தால் போஸிட்ரிவ் தலையில் பெரிய கூட்டல்குறிக்கு நடுவே மெல்லிய கீறலாக இன்னொரு கூட்டல்குறி சாய்ந்து இருக்கும். மஞ்சள் சிப்போர்டு (அழுத்திய மரத்தூள் பலகை) ஸ்க்ரூக்களில் பல இந்த ரகம். அதில் ஃபிலிப்ஸுக்கு உள்ள பிஹெச் 2 பிட்டை வைத்தால் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் பாரம் ஏறியதும் துள்ளி வெளியே வரும், நாலு தடவை துள்ளினால் பள்ளம் வட்டமாகிவிடும். போஸிட்ரிவுக்கு உள்ள பிஇசட் 2 பிட் ஒன்று தனியாக வாங்குங்கள். இதை எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருந்தால் என் உள்ளங்கையில் இருக்கும் ஒரு தழும்பு இருந்திருக்காது.

ட்ரில்லின் கழுத்தில் நம்பர் போட்ட வளையம் இருக்கிறதே, அது அலங்காரம் இல்லை. பிடிமானம் கூடினால் சட்டென்று நழுவிவிடும் கிளட்ச். முன்பு நான் அதைத் துளையிடும் குறியிலேயே வைத்து ஸ்க்ரூ அடித்தேன். முறிந்த அந்த இரண்டு தலைகளும் பெட்டி செய்த அன்றே பாதி முறிந்திருக்கலாம் என்பது என் ஊகம். இப்போது குறைந்த நம்பரில் ஆரம்பித்து, கடைசி அரைச்சுற்றைக் கைத்திருப்புளியால் முடிக்கிறேன். மரம் போதும் என்று சொல்வது மணிக்கட்டுக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியாது.

சிப்போர்டு என்றும் சொல்கிற பார்ட்டிகிள் போர்டு பற்றி ஒரு வார்த்தை. என் அக்காவின் வாடகை வீட்டு மாடுலர் கிச்சன் அந்தப் பலகைதான். அழுத்திய மரத்தூள், இழை கிடையாது. ஒருமுறை ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினாலே மரை தேய்ந்துவிடும். அகல மரை உள்ள சிப்போர்டு ஸ்க்ரூதான் அதற்கு. மூலை இணைப்புக்குக் கன்ஃபர்மட் என்ற தடித்த ஸ்க்ரூ வருகிறது, 7 × 50 மி.மீ. மேல் பலகையில் 7, கீழ்ப் பலகையில் 5 என்று இரண்டு ஓட்டையையும் ஒரே மூச்சில் போடும் படி வைத்த பிட் தனியாகக் கிடைக்கும். மேலே சும்மா நுழைய வேண்டும், கீழே கடிக்க வேண்டும் என்ற ஆசாரியின் பாடமேதான், ஜெர்மன்காரர்கள் மிஷினுக்கு ஏற்ற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள்.

என் பெட்டியைப் பழுது பார்த்த கதையை முடித்துவிடுகிறேன். மரத்துக்குள் நின்ற இரண்டு மொட்டைத் தண்டையும் வெளியே எடுக்க முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் ஆசாரி சொன்னபடி அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, ஓர் அங்குலம் தள்ளிப் புது ஓட்டை போட்டேன். உருவி வந்த மூன்றாவது ஓட்டையில் அவர் மூங்கில் குச்சியைச் சீவி, ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஓரத்தோடு ஓரமாக அறுத்துவிட்டார். அதன் குறுக்கேதான் புது ஸ்க்ரூ படுக்கையாகப் போனது, இன்றுவரை ஆடவில்லை. தீக்குச்சியும் போடலாம், மூங்கில் இன்னும் உரம். அடிப்பலகையை அறுத்துச் சின்னதாக்கிப் பக்கப் பலகைகளுக்கு நடுவில் கொண்டுவந்தேன். தொடும் இடத்தில் மட்டும் மைக்காவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பசை போட்டேன். பெட்டியைச் சுவரில் மாட்ட, மேலே உள்ள சட்டம் வழியாக, சுவர் ஓட்டையில் பதித்த பிளக்கில் இறங்கும் பத்தாம் நம்பர் ஸ்க்ரூ, மூன்று அங்குலம். முன்பு அங்கேயும் கறுப்புதான் இருந்தது. விழுந்தது அடிப்பலகையோடு நின்றதே என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

புது ஸ்க்ரூ வாங்க அதே கடைக்குத்தான் போனேன். இந்த முறை 50 × 8, மஞ்சள், பாதி மரை, போஸிட்ரிவ் தலை என்று வரிசையாகச் சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "தம்பி ஆசாரி வேலைக்கு வந்துட்டியளோ?" கூடுதலாக ஆன காசில் இரண்டு பேர் பரோட்டா சாப்பிட்டிருக்க முடியாது.

கப்போர்டு இப்போது நன்றாகத்தான் நிற்கிறது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கூடக் காட்டினேன். மனைவி சிரித்தாள், டப்பாக்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள். உருளி மட்டும் இன்னும் அடுப்பு மேடைக்குக் கீழேதான் இருக்கிறது.